பேனல் மாட்டினால் லாக்புக்கில் மணி ஏறுமா?

வீட்டு சிமுலேட்டரில் அசல் கருவிப் பேனல்களை மாட்டிவிட்டால், அதில் ஓட்டும் நேரமெல்லாம் லாக்புக்கில் ஏறுமாம். விமானப் பாடம் எடுக்கப் போகிற இடத்திலெல்லாம் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஏறாது. ஒரு நிமிடம்கூட ஏறாது.

அமெரிக்க விதியைக் காட்டித்தான் இந்தப் பேச்சு பரவுகிறது. அந்த விதியை முழுதாகப் படித்துவிட்டாவது பேசக்கூடாதா? கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு வேண்டிய 40 மணி நேரத்தில், அடிப்படைப் பயிற்சிச் சாதனத்தில் 10 மணி வரையும் மேம்பட்ட சாதனத்தில் 20 மணி வரையும் சேர்த்துக்கொள்ள அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. இடம் தருகிறது. ஆனால் அந்தச் சாதனத்துக்கு எஃப்.ஏ.ஏ.வின் அனுமதிக் கடிதம் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர் கூடவே உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கடையில் வாங்கிய நாலு பேனலை மேசையில் திருகி வைத்தால் அந்தக் கடிதம் வந்துவிடாது.

விதி ஒருபுறம் இருக்கட்டும், வீட்டுப் பேனலின் எல்லையைப் பாருங்கள். சாய்டெக் பெயரில் வந்து இப்போது லாஜிடெக் விற்கும் இன்ஸ்ட்ருமென்ட் பேனலுக்குள் முள் கிடையாது, 3.5 அங்குல எல்.சி.டி. திரைதான் இருக்கிறது. கணினி அனுப்புவதை அது படமாகக் காட்டும், அவ்வளவே. மேகத்துக்குள் நுழைந்த விமானியின் பாடு வேறு. விமானம் மெல்லச் சாய்ந்துகொண்டிருக்கும்; உள்காதோ நேராகத்தான் போகிறோம் என்று அடித்துச் சொல்லும். உடம்பு சொல்வதைத் தள்ளிவிட்டு முள்ளை நம்பப் பழகுவதுதான் அந்தப் பயிற்சியின் உயிர். வீட்டு நாற்காலியில் காது ஏமாற்றுவதே இல்லை. அந்தப் போராட்டத்தை அங்கே பழக முடியாது.

மற்றவை சில்லறை வதந்திகள். பேனல் மாட்டினாலே ஃபிரேம் ரேட் விழுந்துவிடும் என்பது பாதி உண்மை: ஜி1000 என்ற மின்னணுக் கருவித் திரையைத் தனி மானிட்டருக்கு இழுத்தால் கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சுமை கூடும், எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளும் சாதனம் அவ்வளவு படுத்தாது. லட்சக்கணக்கில் செலவாகும் என்பது பொய். சொந்தமாகப் பேனல் செய்ய ஆர்டுயினோ போர்டும் இலவச மோபிஃபிளைட் மென்பொருளும் போதும். சிமுலேட்டரே விளையாட்டுச் சாமான் என்போருக்கு ஒன்று: தபால் விமான விபத்துகளில் விமானிகளைப் பறிகொடுத்த பிறகு, 1934-இல் அமெரிக்க ராணுவமே எட்வின் லிங்கின் பயிற்சிச் சாதனங்கள் ஆறை வாங்கியது.

பேனல் உண்மையில் தருவது கைப்பழக்கமும் கண்பழக்கமும். உயரம் காட்டும் ஆல்டிமீட்டரின் குமிழைத் திருகி, சிறு சாளரத்தில் காற்றழுத்த எண் 1013 நகர்ந்து 1003 வருவதைப் பாருங்கள். திரையில் தெரியும் முள் ஏறக்குறைய 270 அடி இறங்கும். அழுத்தத்தைத் தப்பாக வைத்தால் தரை எவ்வளவு கிட்டத்தில் வந்துவிடும் என்பது அப்போது விரலுக்கே புரியும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் 'பி' (B) விசையைத் தட்டினால் இந்த அழுத்தம் தானாகவே சரியாகிவிடும். பேனல் வாங்கியவர்களும் அதையே தட்டுகிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம். தயவுசெய்து அந்த விசையை இன்றே முடக்குங்கள். வானிலை அறிக்கையைப் படித்து, அழுத்தத்தை உங்கள் கையால் வையுங்கள். அடுத்த பேனலுக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தில் ஒரு நல்ல பயிற்றுநரிடம் போய் உட்காருங்கள்.