ஓடும் எஞ்சின் இடையிடையே சக்தி இழப்பது ஏன்?



நிலக்கடலை பூத்து விழுது இறங்கும் தருணத்தில் மேல்மண் காய்ந்து இறுகினால், விழுது மண்ணுக்குள் புக இயலாமல் வெளியிலேயே கருகிவிடும். அடுத்த வாரம் எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் அந்தக் காய்கள் திரும்பி வரமாட்டா. நெல்லுக்குக் கதிர் உருவாகிப் பூக்கும் பருவமும் இத்தகையதே. இந்த நாட்களில் எஞ்சின் மக்கர் செய்தால் போவது எஞ்சின் அன்று, விளைச்சல்தான். ஆகவே உழவியல் கற்பிப்பவன் எஞ்சினைப் பற்றி எழுதுவது வரம்பு மீறல் ஆகாது என்று கருதுகிறேன்.

வேலூருக்குத் தெற்கே ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள அமிர்தி போன்ற இடங்களில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. மின்கம்பி எட்டாத ஓடைக்கரை நிலத்தில் எஞ்சின் நின்றால், அதைத் தூக்கி வண்டியில் ஏற்றி வேலூர் வரை கொண்டுபோக வேண்டும். பட்டறையில் கயிற்றை இழுத்தால் உடனே கிளம்பி நன்றாக ஓடும். மெக்கானிக் குறை எதையும் காணமாட்டார். ஏதோ ஒரு பாகத்தை மாற்றி அனுப்புவார். நிலத்தில் இறக்கி ஓட்டினால் இருபது நிமிடத்தில் பழைய கதை. முற்றிலும் கெட்டுப்போன எஞ்சினைப் பழுது பார்ப்பது எளிது. விட்டு விட்டு வரும் கோளாறுதான் கடினம், ஏனெனில் அது வரும் நேரத்தில் அருகில் இருப்பவர் நீங்கள் மட்டுமே. அந்த நேரத்தில் என்ன பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் காதைக் கொடுங்கள்

தண்ணீர் குறைந்ததும் எஞ்சினைக் குறை கூற வேண்டாம். அதன் ஓசையைக் கேளுங்கள். தண்ணீர் குறையும்போது ஓசை உயர்ந்து எஞ்சின் லேசாக ஓடினால் பழுது பம்பின் பக்கம் உள்ளது. உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறது, அல்லது புட்வால்வில் சருகு அடைத்துள்ளது, அல்லது கிணற்று மட்டம் இறங்கிவிட்டது. சுமை குறைந்ததால்தான் எஞ்சின் விரைகிறது. பம்பு உறிஞ்சும் ஆழம் கணக்கில் 10 மீட்டர் என்றாலும் நடைமுறையில் 6, 7 மீட்டருக்கு மேல் நம்பக் கூடாது. மலைமேல் ஏற ஏற இதுவும் குறையும். 1000 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 மீட்டர் இழப்பு. தண்ணீரும் குறைந்து ஓசையும் தளர்ந்தால் மட்டுமே எஞ்சினிடம் வாருங்கள்.

பெட்ரோல் எஞ்சின்: மூடியும் சோக்கும்

நன்றாக ஓடி, பத்து இருபது நிமிடத்தில் தளர்ந்து, நின்று, சற்று ஆறியபின் மீண்டும் கிளம்பும் எஞ்சினில் நான் முதலில் ஐயப்படுவது பெட்ரோல் தொட்டியின் மூடியை. மூடியில் ஒரு சிறு காற்றுத் துளை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்திற்குக் காற்று இதன் வழியே வரவேண்டும். தூசியும் எண்ணெயும் சேர்ந்து துளை அடைபட்டால் தொட்டியினுள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் கீழே இறங்காமல் நின்றுவிடும். நின்ற சில நிமிடங்களில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால் எஞ்சின் மீண்டும் கிளம்புகிறது. எஞ்சின் தளரும்போது மூடியை மெல்லத் தளர்த்துங்கள். உஸ் என்ற ஓசையுடன் காற்று உள்ளே போய் எஞ்சின் உயிர் பெற்றால் விடை கிடைத்துவிட்டது. துளையைச் சுத்தம் செய்வதற்குச் செலவு ஏதுமில்லை. அருகில் பீடி, நெருப்பு கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் சொல்லி வைக்கிறேன்.

கடலோர மீனவர்கள் படகின் பின்புறம் மாட்டும் எஞ்சினுக்கும் இதே நோய் வரும். அதன் தனித் தொட்டியின் மூடியில் திருகித் திறக்கும் காற்று வழி உண்டு. அதைத் திறக்க மறந்து கடலில் போனால் சிறிது தொலைவில் எஞ்சின் தளரும். எரிபொருள் குழாயில் உள்ள ரப்பர்க் குமிழைப் பிழிந்ததும் எஞ்சின் எழுந்தால், குறை எரிபொருள் வரத்தில் என்று அறிந்துகொள்வர். நம் பம்பு எஞ்சினில் அந்தக் குமிழ் இல்லை. அதற்குப் பதில் சோக் இருக்கிறது.

எஞ்சின் தளரும் அந்த நொடியில் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். எஞ்சின் நிமிர்ந்தால் அதற்குப் பெட்ரோல் போதவில்லை. மேலும் தளர்ந்து கரும்புகை விட்டால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. எந்த மாற்றமும் இல்லையெனில் மின்பொறியின் பக்கம் போக வேண்டும். பாகம் எதையும் கழற்றாமல் செய்யும் சோதனைகளில் இதைவிடச் சிறந்ததை நான் அறியேன்.

பெட்ரோல் போதவில்லை எனத் தெரிந்தால், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி, தெளிந்த கண்ணாடிப் புட்டியில் பெட்ரோலை இறக்குங்கள். ஒரே சீராக வந்தால் குழாயும் வடிகட்டியும் நலம். குறை கார்புரேட்டரின் உள்ளே. முதலில் வேகமாக வந்து பின் சொட்டினால் மூடித் துளை, குழாய் வாய், வடிகட்டி ஆகிய மூன்றில் ஒன்று அடைத்துள்ளது. புட்டியை அசையாமல் வைத்து அடியைக் கவனியுங்கள். தனி அடுக்காகவோ முத்து முத்தாகவோ ஏதேனும் தங்கினால் அது தண்ணீர்.

இந்தத் தண்ணீர் விஷயம் இப்போது முன்னைவிட முக்கியம் பெற்றுள்ளது. நம் நாட்டில் 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து பரவியுள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் குணமுடையது. ஓரளவு தண்ணீரை அது தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினாலோ குளிர் மிகுந்தாலோ தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டர் முதலில் உறிஞ்சுவது அந்த அடி அடுக்கைத்தான். அது ஒரு வாய் வந்தால் எஞ்சின் திணறும், அடுத்து நல்ல பெட்ரோல் வந்தால் ஓடும். மழைக்காலத்தில் மூடி சரியில்லாத பிளாஸ்டிக் கேனில் மாதக்கணக்கில் பெட்ரோல் வைத்திருப்போர் இதை நினைவிற் கொள்ள வேண்டும். பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் ஊறவைத்து உள்பக்கம் உப்பச் செய்வதுண்டு. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பொறி சூட்டில் மறைவது

மின்பொறியைச் சோதிக்க ஏற்ற நேரம், எஞ்சின் நின்ற உடனே. ஆறியபின் சோதித்தால் பொறி நன்றாகவே தெரியும். அதனால்தான் பட்டறையில் பிடிபடுவதில்லை. நல்ல மாற்று ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். எஞ்சினில் உள்ள பிளக்கைக் கழற்றாமல், அதன் தொப்பியை மட்டும் எடுத்து மாற்று பிளக்கில் மாட்டி, பிளக்கின் மறையை எஞ்சினின் இரும்பில் படும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். பெட்ரோல் சிந்திய இடத்தில் இதைச் செய்யலாகாது. சூட்டில் பொறி இல்லை, ஆறியபின் பொறி உண்டு என்றால் காயில் பழுதாகியுள்ளது. உள்ளே உள்ள கம்பிச் சுற்று சூட்டில் விரிந்து தொடர்பு அறுகிறது. அதை மாற்றுவதே வழி. மாற்றும் முன், நிறுத்தும் சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய கம்பி எங்கேனும் உரசித் தோல் உரிந்து இரும்பில் படுகிறதா என்று பாருங்கள். அதிர்வில் அது பட்டுப் பட்டு விலகினாலும் இதே அறிகுறிதான்.

மலைச்சரிவில் உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் ஆயில் குறைந்தால் தானே பொறியை நிறுத்தும் அமைப்பு உள்ளது. எஞ்சினைச் சரிவாக வைத்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, ஆயில் இருந்தும் இல்லாததுபோல் அது நிறுத்திவிடும். அதிர்வில் எஞ்சின் சிறிது சிறிதாக நகர்ந்து சாய்வதால், ஓட ஆரம்பித்து வெகு நேரம் கழித்தே இது நிகழலாம். நான்கு பட்டைக் கற்களை மட்டமாகப் பதித்து அதன்மேல் எஞ்சினை வையுங்கள்.

டீசல் எஞ்சின்

டீசலில் பிளக் இல்லை. ஆகவே ஆராய்ச்சி சுருங்கும். ஓசை ஏறி இறங்கி ஊசலாடினால் டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழ் நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு இறுக்கவும். அடுத்து டீசல் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்யவும். காற்று மீண்டும் மீண்டும் வந்தால், இணைப்பில் உள்ள வாஷர் தேய்ந்திருக்கும். சுமையில் கரும்புகை கக்கித் தளர்ந்தால் காற்று வடிகட்டியைக் கழுவிப் பாருங்கள். பம்புத் தண்ணீரிலேயே குளிரும் எஞ்சினில், பம்பு காற்று வாங்கும்போது குளிர்ச்சியும் நின்று எஞ்சின் சூடேறித் தளரும். இங்கே பம்பின் நோய் எஞ்சினுக்குத் தொற்றுகிறது. ஒரு எச்சரிக்கை: இன்ஜெக்டரிலிருந்து பீறிடும் டீசலின் எதிரில் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் அது தோலைத் துளைத்து உள்ளே புகும். சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பட்டறைக்குப் போகும் முன்

மேற்கண்டவற்றில் எதுவும் பலிக்காவிடில், குழந்தைகளின் பழைய நோட்டு ஒன்றில் மூன்று நாட்கள் குறிப்பு எழுதுங்கள். கிளம்பி எத்தனை நிமிடத்தில் தளர்ந்தது, தொட்டியில் எவ்வளவு எரிபொருள் இருந்தது, சோக்கை இழுத்தபோது என்ன ஆயிற்று, சூட்டில் பொறி இருந்ததா, எத்தனை நிமிடம் ஆறியபின் கிளம்பியது. தொட்டி நிறைந்திருக்கையில் நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே போனதும் தளர்ந்தால் எரிபொருள் வரத்தில் குறை. தொட்டி எப்படி இருந்தாலும் ஏறக்குறைய அதே நிமிடக் கணக்கில் நின்றால் சூட்டில் வரும் குறை. இந்த நோட்டை மெக்கானிக்கிடம் காட்டினால் எந்தப் பாகத்தைப் பார்ப்பது என்று அவருக்கும் தெளிவாகும். பட்டறையிலும் வெறுமனே ஓட்டாமல், சுமை ஏற்றி அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பருவம் முடிந்து எஞ்சினை ஒதுக்கி வைக்கும்போது தொட்டியைக் காலி செய்து, கார்புரேட்டரின் அடித் திருகைக் கழற்றி மிச்சத்தையும் வடித்துவிடவும். எஞ்சின் திரும்பவும் நிலத்துக்கு வரவேண்டிய நாள், கடலை பூப்பதற்கு ஒரு வாரம் முன்பு. பூத்த பிறகு அன்று.