மூன்று பெயர்கள் மட்டும் ஒரு புல்பென் ஆகாது

பேஸ்பால் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் (பந்து வீசுபவர்) களைத்துப்போனாலோ அடி வாங்க ஆரம்பித்தாலோ அவரை எடுத்துவிட்டு வேறொருவரை இறக்குவார்கள். வெளியே போனவர் அன்று மறுபடி உள்ளே வர முடியாது. இப்படி இடையில் இறங்குபவர்கள் ரிலீவர்கள். அவர்கள் காத்திருந்து கையைச் சூடேற்றிக்கொள்ளும் இடம் புல்பென். மொத்தப் படையையும் அதே பெயரால் சொல்வது வழக்கம். அமெரிக்க மேஜர் லீக்கில் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் யாருடைய புல்பென் மிகப் பலமானது என்ற விவாதம் ஓய்வதே இல்லை. அந்த விவாதத்தில் புழங்கும் சில நம்பிக்கைகள், உண்மையிலேயே பாரம் சுமந்தவர்களைக் கண்ணில் படாமல் செய்துவிடுகின்றன. அது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

நம்பிக்கை: கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கும் க்ளோசர்தான் புல்பென்னின் உயிர்.

'சேவ்' என்ற கணக்கு 1969-இல்தான் அதிகாரபூர்வமானது. சிகாகோ விளையாட்டுச் செய்தியாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் முன்வைத்த யோசனை அது. மூன்று ரன் முன்னிலையோடு கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் இறங்கி, முன்னிலை போகாமல் மூன்று பேரை அவுட்டாக்கினால் ஒரு சேவ் கிடைத்துவிடும். ஆனால் எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருக்கும் அணி நூற்றுக்கு ஏறத்தாழ 95 ஆட்டங்களில் எப்படியும் ஜெயிக்கிறது. க்ளோசர் என்று தனியாக ஒருவர் இல்லாத காலத்திலும் நிலைமை இதுவே. பல ஆட்டங்களின் போக்கு ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

1996-இன் நியூயார்க் யாங்கீஸ் அணியைப் பாருங்கள். க்ளோசர் ஜான் வெட்லண்டுக்கு 43 சேவ். லீக்கின் இறுதிக் கோப்பைத் தொடரான உலகத் தொடரின் நான்கு வெற்றிகளையும் முடித்துவைத்து, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் அவர் வாங்கினார். அவருக்கு முன்னால் இறங்கிய மரியானோ ரிவேராவுக்கு அந்த ஆண்டு கிடைத்தது 5 சேவ்தான். ஆனால் அவர் 107 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 130 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். ஏழாவதையும் எட்டாவதையும் ஒரே ஆளாக அடைத்தார். ஆறு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலை பெற்றிருந்த ஆட்டங்களில் அந்த அணிக்கு 70 வெற்றி, 3 தோல்வி. அந்தக் கணக்கில் பெரும்பங்கு ரிவேராவுடையது. அவர் க்ளோசர் ஆகிப் புகழ் பெற்றது அதற்குப் பிறகு.

சேவ் மோகம் ஓர் அணியை என்ன செய்யும் என்பதற்கு 2016 அக்டோபர் 4 போதும். டொராண்டோவில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு வாழ்வா சாவா ஆட்டம். அந்த ஆண்டு அதன் க்ளோசர் ஸாக் பிரிட்டன் 67 இன்னிங்ஸில் விட்டுக்கொடுத்தது, ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக, வெறும் 4 ரன். 47 சேவ் வாய்ப்புகளில் 47-ஐயும் காப்பாற்றியவர். ஸ்கோர் 2-2. ஒன்பது, பத்து, பதினொன்று என்று இன்னிங்ஸ் நீள்கிறது. மேனேஜர் பக் ஷோவால்ட்டர் ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களை இறக்குகிறார். முன்னிலை வந்தால் காக்க வேண்டுமே என்று பிரிட்டனைப் புல்பென்னிலேயே வைத்திருக்கிறார். பதினொன்றாவதில் உபால்டோ ஹிமேனெஸ் வீசிய பந்தை டொராண்டோவின் எட்வின் என்கார்நாசியோன் மூன்று ரன் ஹோம் ரன்னாக அடித்தார். 5-2. பிரிட்டன் ஒரு பந்துகூட வீசாமல் பால்டிமோரின் ஆண்டு முடிந்தது. ஆட்டத்தின் மிக இக்கட்டான நேரத்துக்கென்று இல்லாத பலம் வேறு எதற்கு?

நம்பிக்கை: இ.ஆர்.ஏ. குறைந்த புல்பென்தான் சிறந்தது.

ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பது இ.ஆர்.ஏ. ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்கள் அதில் சேராது. ரிலீவர்களைப் பொறுத்தவரை இதில் பெரிய ஓட்டை உண்டு. முந்தைய பிட்சர் பேஸில் விட்டுச்சென்ற எதிரணி ஆட்டக்காரர், அடுத்தவர் பந்தில் ஓடி வந்து ரன் எடுத்தாலும், அந்த ரன் முந்தையவர் கணக்கில்தான் எழுதப்படும்.

2014 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் இதற்குக் கண்ணெதிர் சாட்சி. கான்சஸ் சிட்டி ராயல்ஸின் ஜெரமி கத்ரி நான்காவது இன்னிங்ஸில் இரண்டு பேரை பேஸில் விட்டுவிட்டு வெளியேறினார். கெல்வின் ஹெரேரா இறங்கினார். மைக்கேல் மோர்ஸ் அடித்த சிங்கிளில் பாப்லோ சாண்டோவல் மூன்றாவது பேஸிலிருந்து ஓடிவந்து சேர்ந்தார். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 3-2 என்று ஜெயித்த அந்த ஆட்டத்தில் வெற்றி ரன் அதுதான். ஆனால் ஏட்டில் ஹெரேரா, வேட் டேவிஸ், க்ரெக் ஹாலண்ட் மூவரும் கொடுத்தது பூஜ்யம். தோல்வி கத்ரியின் தலையில். இதைச் சொல்வது ஹெரேராவைக் குறை சொல்ல அல்ல. மூவரும் அன்று அருமையாகவே வீசினார்கள். ஆனால், ஏற்கெனவே ஆள் நிற்கும் பேஸ்களோடு இறங்கி அவர்களை அங்கேயே நிறுத்தி வைப்பவரின் உழைப்பும் இ.ஆர்.ஏ.வில் தெரியாது, நிறுத்த முடியாதவரின் தடுமாற்றமும் தெரியாது.

அதே ராயல்ஸில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு டேவிஸின் இ.ஆர்.ஏ. 1.00, ஹெரேரா 1.41, ஹாலண்ட் 1.44. மூவரும் சேர்ந்தால் ஆறு இன்னிங்ஸிலேயே ஆட்டம் முடிந்த மாதிரி என்பார்கள். ஆனால் மொத்த புல்பென்னின் இ.ஆர்.ஏ. 3.30. லீக்கில் முதலிடத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. முதலிடம் சியாட்டில் மாரினர்ஸுக்கு; அவர்கள் ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில், சீசனுக்குப் பிந்தைய பிளேஆஃப் சுற்று வாய்ப்பையே இழந்தார்கள்.

நம்பிக்கை: பட்டப்பெயர் கொண்ட மூவர் கூட்டணிதான் அணியைத் தாங்கியது.

1990 சின்சினாட்டி ரெட்ஸின் 'நாஸ்டி பாய்ஸ்' ராப் டிபிள், ராண்டி மையர்ஸ், நார்ம் சார்ல்ட்டன். மூவரையும் புல்பென்னில் ஒன்றாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அந்த ஆண்டு சார்ல்ட்டன் 16 ஆட்டங்களைத் தொடக்கப் பிட்சராகத் தொடங்கியவர். 2016 யாங்கீஸில் பெட்டான்சஸ், மில்லர், சாப்மன் மூவரும் மே முதல் ஜூலை வரைதான் சேர்ந்து இருந்தார்கள். பிறகு மில்லர் கிளீவ்லாந்துக்கும் சாப்மன் சிகாகோவுக்கும் போய்விட்டார்கள். போஸ்டரில் இருந்த பலம் அணியில் முழு சீசன்கூட இல்லை.

நம்பிக்கை: சிறந்த புல்பென் என்றால் கோப்பை வந்திருக்கும்.

2019-இல் கோப்பை வென்ற வாஷிங்டன் நேஷனல்ஸின் புல்பென் இ.ஆர்.ஏ. 5.6-ஐத் தாண்டியது. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் நடு இன்னிங்ஸ்களைக் காத்தவர், வழக்கமாகத் தொடக்கப் பிட்சரான பாட்ரிக் கார்பின். மறுபக்கம் 2003 லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். எரிக் கான்யே 55 வாய்ப்புகளில் 55 சேவ், 82 இன்னிங்ஸில் 137 ஸ்ட்ரைக் அவுட். கியர்மோ மோட்டா 105 இன்னிங்ஸ் வீசி இ.ஆர்.ஏ. 1.97. பால் குவான்ட்ரில் 89 ஆட்டங்களில் இறங்கி இ.ஆர்.ஏ. 1.75. இத்தனை இருந்தும் அணி 85-77 என்று முடித்து பிளேஆஃப் போகவில்லை. காரணம் பேட்டிங்: அந்த ஆண்டு மேஜர் லீக்கிலேயே மிகக் குறைவாக, 574 ரன்தான் எடுத்தார்கள்.

ஒரு முழு சீசனுக்கு ஒரு புல்பென்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் ஓட்டு அந்த டாட்ஜர்ஸுக்கே. அவர்கள் மைதானம் பிட்சர்களுக்குச் சாதகமானது என்பதையும், 2007 டிசம்பரில் வெளியான ஊக்கமருந்து பற்றிய மிட்செல் அறிக்கையில் கான்யேயின் பெயர் இருந்ததையும் ஒதுக்கிவிட முடியாது. மோட்டாவும் குவான்ட்ரிலும் சுமந்த இன்னிங்ஸ்களை வைத்தே அவர்களைத் தேர்ந்தெடுக்கிறேன். பிளேஆஃப் நடக்கும் அக்டோபருக்கு மட்டும் என்றால் 2015 ராயல்ஸ். செப்டம்பரில் ஹாலண்ட் முழங்கைக் காயத்தால் போனார். அவர் இடத்துக்கு டேவிஸ் வந்தார். மூன்று ஆண்டுகள் மேஜர் லீக்கில் வீசாமல் இருந்து திரும்பிய ரையன் மாட்சன் நடுவில் தோள் கொடுத்தார். நியூயார்க்கில் உலகத் தொடர் முடிந்த இரவில் ஹெரேரா மூன்று இன்னிங்ஸும் லூக் ஹோச்செவார் இரண்டும் ரன் கொடுக்காமல் வீசினார்கள். கடைசி மூன்று அவுட் டேவிஸுடையவை. வெற்றிக் கணக்கு ஹோச்செவாருடையது.