அத்திப்பள்ளியைத் தாண்டும் முன்

கேள்வி: மதுரையிலிருந்து ஓசூருக்கு வேலை மாற்றல். மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடிக்கிறாள். எல்லைக்கு அப்பால் தேர்வு வைத்துச் சேர்க்கும் தனியார் பள்ளியா, ஓசூர் அரசுப் பள்ளியா?

பதில்: எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதே, சிறுபான்மைப் பள்ளிகள் நீங்கலாக, 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்கு விரோதம். ‘சும்மா பேசிப் பார்க்கிறோம்’ என்பார்கள். அது வேறு கதை.

உங்களுக்கு முக்கியம் வேறொன்று. மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் முதலிய படிப்புகளில் 2021 முதலும் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி இரண்டு வருடம் படித்துவிட்டுத் திரும்பினால் அது கைநழுவும். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் அரசுப் பள்ளிப் படிப்பு கைகொடுக்கும். போதாதற்கு, அங்கே எட்டாம் வகுப்பில் புதிதாகக் கன்னடம் வேறு.

தேர்ந்தெடுத்த மாணவர்களோடுதான் படிக்கவேண்டும் என்றால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசு மாதிரிப் பள்ளி இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்று, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். ஆனால் விடுதி வாழ்க்கை. ஊர் மாறி ஒரு வருடத்தில் வீட்டையும் விட்டுப் போக அவளுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். என் ஓட்டு, இப்போதைக்கு ஓசூர் அரசுப் பள்ளிக்கு. கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா என்று நேரில் விசாரித்துவிட்டு, வீட்டை அதன் அருகில் பாருங்கள்.