இரும்புக் கதவில் தேக்கு ரேகை

சித்தூரிலும் திருப்பதியிலும் வீடு கட்டும் நம்மவர்கள் பலர், தலைவாசலுக்கு மட்டும் தேக்கு வாங்கிவிட்டு, பின்வாசலுக்கும் மாடிக்கும் இரும்புக் கதவு போட்டுக்கொள்கிறார்கள். பிறகு, "சார், அதையும் மரம்போல் ஆக்க முடியுமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்கு வர்ணமும் தெரியும் என்ற நம்பிக்கை! தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பழைய வர்ணம் உள்ள கதவானால், அதை உலர்ந்த தாளால் தேய்க்காதீர்கள். வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வர்ணத்தின் தூசி குழந்தைகளுக்கு விஷம். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். குழந்தைகளை அப்பக்கம் விடாதீர்கள். கழிவை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

துருவை நீக்கி, ரெட் ஆக்சைடு பூசி, பள்ளங்களில் பட்டி வைத்துச் சமப்படுத்திய பிறகு, அடி வர்ணமாக எனாமல் இரண்டு முறை. நிறம் எது? மரத்தில் மிக வெளிறிய இடம் எதுவோ அதுவே அடி வர்ணம். தேக்குக்குச் சந்தன நிறம் பொருந்தும். ஒரு நாள் நன்றாகக் காயட்டும்.

மேல்பூச்சுதான் ரேகையைத் தருவது. 'பாயில்ட்' என்று கடையில் விற்கும் ஆளிவிதை எண்ணெய் 1 பங்கு, டர்பன்டைன் 2 பங்கு, அதில் பர்ன்ட் அம்பர், கொஞ்சம் பர்ன்ட் சியன்னா. (எண்ணெயை வீட்டில் காய்ச்ச முயல வேண்டாம்.) மெல்லியதாகப் பூசி, ஈரம் இருக்கும்போதே ரப்பர் சீப்பை மேலிருந்து கீழாக நிறுத்தாமல் இழுக்க வேண்டும். வளைவு வளைவாக நடுரேகை வேண்டுமானால், வளைந்த முகமுள்ள ரப்பர் கட்டையை இழுத்துக்கொண்டே மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். பிறகு உலர்ந்த பிரஷ்ஷால் லேசாகத் தடவினால் கோடுகளின் கூர்மை மங்கி மரத்தின் சாயல் வரும்.

நான் முதலில் செய்த கதவு பாழாயிற்று. மே மாத நடுப்பகலில் கதவு முழுவதும் ஒரேயடியாகப் பூசிவிட்டேன். பாதி இழுப்பதற்குள் மீதி இறுகிவிட்டது. காலையில், நிழலில், பகுதி பகுதியாகச் செய்யுங்கள்.

பலர் தவறுவது இன்னோர் இடத்தில். தச்சர் மரத்தை நீளவாக்கில்தான் அறுத்துச் சட்டம் செய்வார். ஆகவே நிற்கும் சட்டத்தில் ரேகை நெடுக்காகவும், குறுக்குச் சட்டத்தில் படுக்கையாகவும் ஓட வேண்டும். முதலில் நடுப்பலகை, அடுத்து குறுக்குச் சட்டம், கடைசியில் நிற்கும் சட்டம். சந்திக்கும் இடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி நேர்கோடாக நிறுத்துங்கள். மூட்டே இல்லாமல் ரேகை வளைந்து ஓடினால் எந்தத் தச்சரும் சிரிப்பார்.

சிலர் சேஷாசலத்துச் செம்மரம்போல் வேண்டும் என்பார்கள். அடி வர்ணத்தைச் செம்பழுப்பாக்கினால் போதும், முறை ஒன்றுதான். ஆனால் நல்ல தேக்கின் மேல் இதை அடிக்காதீர்கள். அதற்கு வார்னிஷ் போதும்.

இரண்டொரு நாளில் ரேகை காய்ந்ததும் வார்னிஷ் இரண்டு பூச்சு. துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று வெப்பம் விடும். சுருட்டிய துணியில் அது வெளியேற வழியின்றித் தானே தீப்பிடிக்கும். தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், அல்லது வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள்.