சுக்குப்பொடியும் ஈ.எஸ்.ஐ. அட்டையும்

பல்லடம்

அன்புள்ள அம்மிணி,

மாதவிலக்கு வலி தாங்காமல் நீ லைனில் குனிந்து உட்கார்ந்திருந்தபோது, சூப்பர்வைசர் ஒரு மாத்திரையை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார், அட்டையும் இல்லை, பேரும் இல்லை என்று சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. போனில் சொன்னால் பாதி மிஷின் சத்தத்தில் போய்விடும். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

இது உன் கம்பெனியில் மட்டும் நடப்பதில்லை. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடை கம்பெனிகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டார்கள். எல்லோருக்குமே வலிக்கென்று பேர் இல்லாத மாத்திரைதான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் உடம்பு கெட்டது என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். வலி மாத்திரையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கிராமச் செவிலியாக இருந்த காலத்தில் நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் பேர், அளவு, காலாவதித் தேதி மூன்றும் தெரியாத எதையும் வாயில் போடாதே. பேர் தெரிந்த மாத்திரையானாலும் வெறும் வயிற்றில் போடாதே. காலையில் சாப்பிடாமல் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைகளுக்கு அந்த மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கிவிடும்.

இந்தக் கடிதத்தோடு சுக்குப்பொடி ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். நம் பக்கத்தில் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு சுக்குக்காபி விற்பார்களே, அதே சுக்குதான். கொஞ்சம் மல்லி விதையும் இடித்துச் சேர்த்திருக்கிறேன். பாட்டி வைத்தியம் என்று நினைத்துவிடாதே. 2009-இல் ஈரானில் மாணவிகள் 150 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இஞ்சிப்பொடியும் மற்ற இரண்டுக்கும் வலி மாத்திரைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். இஞ்சிக் குழுவுக்கும் வலி அதே அளவுக்குத்தான் குறைந்தது. அவர்கள் கொடுத்தது வேளைக்குக் கால் கிராம், நாளுக்கு நாலு வேளை, மாதவிலக்கின் முதல் மூன்று நாள். நம் கணக்கில் நாள் முழுவதுக்கும் அரை டீஸ்பூன். அதற்கு மேல் போட்டால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம். கருப்பட்டி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, பிளாஸ்கில் ஊற்றிக் கொண்டுபோய், டீ நேரத்தில் குடி. மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போனாலும், நாப்கின் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் நனைந்தாலும் சுக்கு போதாது. டாக்டரிடம் போய்த்தான் ஆகவேண்டும்.

அடுத்தது ரத்தம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது, ஒன்றரை ஷிப்ட் முடியும்போது கண் இருட்டுது என்று உங்க அம்மாவிடம் சொன்னாயாமே. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. பேரீச்சம்பழமும் கருப்பட்டியும் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று ஹாஸ்டலில் யாராவது சொல்வார்கள். நல்ல பண்டங்கள்தான், சாப்பிடு. ஆனால் ராகியானாலும் முருங்கைக்கீரையானாலும் அதிலுள்ள இரும்புச்சத்தில் நம் உடம்பு கொஞ்சம்தான் எடுத்துக்கொள்கிறது. அதைக் கூட்டிக் கொடுப்பது வைட்டமின் சி. உங்கள் பஸ் ஸ்டாண்டு வாசலில் தள்ளுவண்டியில் ஆயக்குடி கொய்யா விற்கிறார்களே, அதில் ஆரஞ்சைவிட நாலு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. ஆப்பிளுக்குக் காசு கொட்டாதே. மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு கொய்யா, இல்லாவிட்டால் ஒரு நெல்லிக்காய், அதுவும் இல்லாவிட்டால் கீரையில் அரை எலுமிச்சை பிழிந்துகொள். இத்தனையும் செய்துவிட்டுக் கை கழுவியதும் ஒரு கிளாஸ் டீ குடித்தால் அந்த வேளை இரும்புச்சத்தில் பாதிக்கு மேல் வீண். திருப்பூரில் டீயை நிறுத்து என்றால் நடக்கிற காரியமில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடு, அது போதும்.

தண்ணீர் விஷயத்தில் கோபமாகவே சொல்கிறேன். எழுந்து போனால் பீஸ் குறையும், டார்கெட் போய்விடும் என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்கள். நீர்க்கடுப்பு வந்தபின் சோம்புத் தண்ணீரும் பார்லியும் தேடுகிறீர்கள். அவற்றில் குணம் கொடுப்பது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். அதை முன்னாலேயே குடித்திருக்கலாம். சீரகத் தண்ணீரோ நீர்மோரோ ஒரு பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும். கடுப்போடு காய்ச்சலும் இடுப்புக்கு மேலே முதுகு வலியும் வந்தால் கிருமி கிட்னி வரை ஏறியிருக்கலாம். அதற்கு எந்த விதையும் மருந்தில்லை.

பஞ்சுத் தூசைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாழைப்பழமும் வெல்லமும் சாப்பிட்டால் உள்ளே போன பஞ்சு வெளியே வந்துவிடும் என்று மில்லில் வேலை பார்த்த பழைய ஆட்கள் சொல்வார்கள். பழம் வயிற்றுக்குப் போகிறது, தூசு நுரையீரலுக்குப் போகிறது. மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிடாமல் மூக்கை மூடிப் போடு. தொண்டைக் கரகரப்புக்கு ராத்திரி பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் குடிக்கலாம். மிளகை விட்டுவிடாதே. மஞ்சளின் சத்து தனியாகப் போனால் ரத்தத்தில் சேருவதே அபூர்வம். மிளகிலுள்ள பைப்பெரின் அதைப் பல மடங்கு கூட்டுகிறது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இலேயே கண்டுபிடித்தார்கள். உன் ரூமில் இருக்கிற நூற்பு மில் பெண்ணுக்கு லீவு முடிந்து போகிற திங்கட்கிழமை மட்டும் நெஞ்சு இறுக்குகிறது என்றாயே, அது பஞ்சுத் தூசு நோயின் ஆரம்பக் குறி. அவளை மஞ்சள் பாலோடு விட்டுவிடாதே. நெஞ்சு டாக்டரிடம் அனுப்பு.

மஞ்சள் என்றதும் ஊசி விஷயம் ஞாபகம் வருகிறது. ஓவர்லாக்கில் ஊசி விரலில் ஏறி உடைந்துவிட்டால் உங்கள் கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உடைந்த துண்டுகளைத் தேடிச் சேர்த்து, ரிஜிஸ்டரில் செலோடேப் போட்டு ஒட்டி, முழு ஊசியும் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் புது ஊசி தருவார்கள். துணிக்குள் துண்டு போய்விட்டால் வெளிநாட்டுக்காரன் ஆர்டரைத் திருப்பிவிடுவான் என்ற பயம். நல்ல பழக்கம்தான். அதே அக்கறையோடு உன் விரலையும் பார்க்கச் சொல். துண்டு குறைந்தால் அது விரலுக்குள் இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்கவேண்டும். பக்கத்து டெய்லர் மிஷின் ஆயிலைத் தடவுவார், இன்னொருவர் மஞ்சளை அப்புவார், விடாதே. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே டி.டி. ஊசி போட்டுக்கொள். மஞ்சளுக்குக் காயம் ஆற்றும் குணம் இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்தக் குணத்துக்கு 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் 1953-இல் வந்த ஒரு கட்டுரையையும் காட்டி வாதாடி 1997-இல் அதை ரத்து செய்யவைத்தது. எனக்கும் அதில் பெருமைதான். ஆனாலும் ஆழமாகக் குத்திய காயத்துக்குள் இருக்கும் டெட்டனஸ் கிருமியை மேலே பூசிய மஞ்சள் தடுக்காது.

இவ்வளவுக்கும் செலவு யார் கொடுப்பார்கள் என்று கேட்பாய். உன் சம்பளத்தில் நூறு ரூபாய்க்கு முக்கால் ரூபாய் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள், கம்பெனி மூணேகால் ரூபாய் போடுகிறது. உங்கள் மாதிரிக் கம்பெனிகளில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. பீஸ் ரேட்டில் காண்ட்ராக்டரிடம் உட்கார்ந்தாலும் உண்டு. ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்குக் கட்டியிருந்தால், டாக்டர் சீட்டோடு லீவு எடுக்கும் நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரை. உன்னிடம் ஐ.பி. நம்பர், அதாவது ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண், இருக்கிறதா என்று நான் கேட்டபோது நீ முழித்தாய். இந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போதே ஆபீசில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்.

வாங்கியதும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் ரத்தப் பரிசோதனைக்குக் கொடு. அந்தத் தாளில் ஹீமோகுளோபின் என்று இருக்கும். 12-க்குக் கீழே இருந்தால் அவர்கள் தரும் இரும்பு மாத்திரையைக் கொய்யாவோடோ எலுமிச்சைச் சாறோடோ போடு, டீயோடு வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. எண் எத்தனை என்று எனக்கு அன்றைக்கே போனில் படித்துச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா