15 ஜிபி நிறையும்போது: மேகச் சேமிப்பு குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

கூகுள் கணக்குடன் கட்டணமின்றிக் கிடைக்கும் 15 ஜிபி சேமிப்பிடம் முழுவதும் ஒளிப்படங்களுக்கே உரியது என்று பலர் கருதுகின்றனர். 2013 முதலே அது ஜிமெயில், டிரைவ், படங்கள் ஆகிய மூன்றுக்கும் பொதுவான இடம். ஆகவே டிரைவில் கிடக்கும் ஒரு பெரிய காணொளி, மின்னஞ்சல் வரும் வழியையே அடைத்துவிடக்கூடும். ஒதுக்கீடு நிறைந்துவிட்டால் புதிய படங்கள் ஏறாமல் நிற்பதோடு, ஜிமெயிலில் அஞ்சல் அனுப்பவோ பெறவோ இயலாத நிலையும் ஏற்படுகிறது.

இடம் வேண்டுமென்றால் பழைய படங்களை அழிக்க வேண்டும் என்பது அடுத்த நம்பிக்கை. கூகுள் ஃபோட்டோஸ் 2021 மே 31 வரை, 'உயர்தரம்' எனப்பட்ட சுருக்கிய வடிவில் ஏற்றப்பட்ட படங்களுக்கு வரம்பற்ற இடம் அளித்தது. அச்சலுகை நின்றபோதும், அதற்கு முன் அவ்வடிவில் ஏறியவை இன்றுவரை கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. எனவே 2017ஆம் ஆண்டுத் திருமணப் படங்கள் அந்த வடிவில் இருப்பின், அவற்றை மனமின்றி அழிப்பவருக்கு ஒரு எம்பி இடம்கூட மிஞ்சாது. நினைவுகளை இழப்பது மட்டுமே நடக்கும். உண்மையில் இடத்தை விழுங்குவன பெரும்பாலும் அதற்குப் பின் ஏறிய காணொளிகளே. மின்னஞ்சலிலும் இதே நிலைதான்: ஆயிரக்கணக்கான விளம்பர அஞ்சல்களை நீக்குவதைவிட, பெரிய இணைப்புகள் கொண்ட சில அஞ்சல்களை நீக்குவது கூடுதல் பயன் தரும். கோப்புகளை அளவின்படி வரிசைப்படுத்திக் காட்டும் சேமிப்பு மேலாண்மைப் பக்கம் கூகுள் கணக்கிலேயே இருக்க, அதை விடுத்துக் கண்ணில் பட்டதை அழிப்பது வீண் உழைப்பு.

அழித்த உடனே இடம் திரும்பும் என்பதும் சரியன்று. டிரைவின் குப்பைத்தொட்டியில் கோப்புகள் 30 நாள் தங்கியிருக்கும்; அதுவரை அவையும் ஒதுக்கீட்டில் எண்ணப்படுவதால், தொட்டியைத் தனியே காலி செய்ய வேண்டும். மாறாக, பிறர் பகிர்ந்த கோப்புகளைப் பட்டியலிலிருந்து நீக்குவதால் எந்த மாற்றமும் நிகழாது. அவை உரிமையாளரின் கணக்கிலேயே எண்ணப்படுகின்றன.

இவை எல்லாவற்றிலும் இழப்பு மிகுந்த குழப்பம், கைப்பேசியில் அழித்தாலும் மேகத்தில் ஒரு பிரதி பத்திரமாக இருக்கும் என்ற எண்ணத்தால் விளைவது. காப்புநகல் என்பது மூலத்துக்கு நேர்வதால் பாதிக்கப்படாத தனிப் பிரதி. ஒத்திசைவு என்பதோ ஓரிடத்தில் செய்த மாற்றத்தை எல்லா இடங்களிலும் அப்படியே நிகழ்த்துவது. ஃபோட்டோஸ் செயலியில் காப்பெடுக்கப்பட்ட ஒரு படத்தை வழக்கமான முறையில் அழித்தால் அது மேகத்திலிருந்தும் நீங்கும். மேகப் பிரதியை வைத்துக்கொண்டு கைப்பேசியில் மட்டும் இடம் பெற விரும்புவோர், அச்செயலியிலேயே அதற்கென உள்ள இடம் விடுவிக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். ஆப்பிளின் ஐகிளவுட் ஃபோட்டோஸும் இவ்வகையில் ஒத்திசைவே. ஐபோனில் அழித்த படம், அதே கணக்கிலுள்ள ஐபேடிலும் மறையும். இவ்வேறுபாட்டை நிறுவனங்கள் முகப்பிலேயே இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் வாட்ஸ்அப் காப்புநகல் ஒதுக்கீட்டில் சேராது என்பது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது; அவ்விலக்கு நீக்கப்படும் என 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. குடும்பக் குழுக்களில் குவியும் காலை வணக்கக் காணொளிகளும் இப்போது அதே 15 ஜிபியில் பங்கு கேட்கின்றன. காப்புநகல் அமைப்பில் காணொளிகளைச் சேர்க்காமல் விடுவது, கூடுதல் இடம் வாங்குவதற்கு முன் செய்துபார்க்கத் தக்கது.

கட்டணத் திட்டத்தைக் குடும்பத்துடன் பகிர்ந்தால் ஒருவர் படங்களை மற்றவர் பார்க்க முடியும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை: மேலும் ஐவர் வரை சேரலாம், இடம் மட்டுமே பொது, கோப்புகள் அவரவருடையவை. கட்டணம் நின்றதும் எல்லாம் அழிந்துவிடும் என்பதும் மிகைதான். இடம் 15 ஜிபிக்குச் சுருங்கும், புதிதாக எதுவும் ஏறாது. ஆனால் வரம்பு மீறிய நிலை 2 ஆண்டுகள் நீடித்தால் உள்ளவற்றை நீக்கும் உரிமையைக் கூகுள் தன் விதிகளில் வைத்திருக்கிறது. ஆகவே திட்டத்தை நிறுத்த எண்ணுவோர், கணக்கிலுள்ள அனைத்தையும் தரவிறக்க உதவும் டேக்அவுட் சேவையின் வழியே முதலில் ஒரு பிரதியை வெளி வன்தட்டில் எடுத்துவைப்பது பொருத்தம்.