மாமியாரின் படுக்கையும் மருமகளின் ஓய்வும்

கேள்வி: பக்கவாதத்தில் விழுந்த மாமியாரைச் சில வருஷங்களாக நான் ஒருத்தியே கவனித்துவருகிறேன். பிறரிடம் உதவி கேட்பது கௌரவக் குறைவா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் மைத்துனர்கள் பண்டிகை நாட்களில் மட்டும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து க்ஷேமம் விசாரித்துப் போவார்களாயின், அம்மணி, கௌரவக் குறைவு அவர்களுக்கேயன்றி உங்களுக்கன்று. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், படுக்கையிலிருக்கும் நோயாளிகளுக்கு இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வந்து அளிக்கப்படுவதால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விவரத்தைச் சொல்லிவையுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் ஆலோசனை இலவசம். சொந்த வருவாயில் ஜீவிக்க இயலாத பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை 2007-ஆம் வருஷத்துச் சட்டம் வயதுவந்த பிள்ளைகள் மீது சுமத்தியிருப்பதை மைத்துனர்களிடம் சாவதானமாக எடுத்துரைத்து, மாதத்தில் ஒரு வாரமாவது அவர்கள் முறையென நிர்ணயித்துவிட்டு, அந்த வாரம் தாய்வீடு போய் நிம்மதியாக உறங்குங்கள்.